தேடலில் தென்படாத கடை: உங்கள் இணையக் கடைக்கு நீங்களே செய்யும் எஸ்இஓ தணிக்கை

நவராத்திரி நெருங்கும் வாரங்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் நடைபாதை வரை வந்துவிடும். தசாவதார செட், கல்யாண செட், மரப்பாச்சி ஜோடி எதுவும் அந்த வழியாகப் போகிறவரின் கண்ணுக்குத் தப்பாது. அதே வாரங்களில் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் கொலு வைக்கும் குடும்பங்கள் கைபேசியில் கூகுளைத் திறந்து அதே பொம்மைகளைத் தேடுகின்றன. முதல் பக்கத்தில் வரும் சில கடைகளைத் தாண்டி அவர்களில் அதிகம் பேர் போவதில்லை.

1928-இல் தொடங்கிய தி.நகர் நல்லி, 1935-இல் உருவான கோ-ஆப்டெக்ஸ், 1951-இல் தொடங்கிய கிரி டிரேடிங் போன்றவை இன்று இணையத்திலும் விற்கின்றன. பெரிய நிறுவனங்களால் எஸ்இஓ எனப்படும், தேடலில் கடையைத் தென்படச் செய்யும் வேலைக்கென்று ஆள் வைத்துக்கொள்ள முடியும். இந்த அத்தியாயம் சிறிய கடைக்காரருக்கானது. அவர் முந்நூறு, நானூறு பொருட்களைப் படம் எடுத்து ஏற்றியிருப்பார், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் ஆர்டரும் வரும். தேடல் வழியாக மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

எஸ்இஓ தணிக்கை என்பது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்பது. கூகுளால் கடைக்குள் வர முடிகிறதா? வந்து பார்த்த பக்கங்களைத் தன் பட்டியலில் சேர்க்கிறதா? சேர்த்த பக்கம் எதைப் பற்றியது என்று அதற்குப் புரிகிறதா? தேடி வந்த வாடிக்கையாளர் நம்பி வாங்குகிறாரா? கடைக்காரர்கள் பலர் மூன்றாவது கேள்வியில் தொடங்கிவிடுகிறார்கள். தலைப்பை மாற்றுவார்கள், வர்ணனையை நீட்டுவார்கள். முதல் இரண்டில் கோளாறு இருந்தால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். அதனால்தான் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றக் கூடாது.

தொடங்கும் முன்: நான்கு பாதுகாப்பு விதிகள்

1. பேக்கப் எடுங்கள். கடையின் தரவுத்தளம், படங்கள், தற்போதைய தலைப்புகள், முகவரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

2. தணிக்கை நடக்கும்போது எதையும் திருத்தாதீர்கள். கண்ணில் பட்டதை அங்கேயே சரிசெய்யக் கை பரபரக்கும். ஆனால் பத்து இடத்தில் மாற்றிவிட்டுப் பிறகு வருகை கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது. முதலில் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

3. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளியாள் பார்க்க வேண்டுமென்றால், கூகுள் தேடலில் கடையின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் ‘கட்டுப்படுத்தப்பட்ட பயனர்’ என்ற அனுமதி போதும். அதில் அறிக்கைகளைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது.

4. விற்பனை உச்சத்தில் கை வைக்காதீர்கள். ஆடித் தள்ளுபடி, நவராத்திரி, தீபாவளி வாரங்களில் முகவரி அமைப்பு, தீம், ஹோஸ்டிங் எதையும் மாற்ற வேண்டாம்.

தேவையான கருவிகள்

செலவில்லாமல் தொடங்கலாம். கூகுள் சர்ச் கன்சோலும் பக்கத்தின் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸும் இலவசம். கடை முழுவதையும் பக்கம் பக்கமாக நடந்து பட்டியலிடும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை பார்க்கும். இவற்றோடு ஒரு எக்செல் தாள் போதும். அதில் பக்கத்தின் முகவரி, கோளாறு, பாதிப்பு, சரிசெய்ய ஆகும் உழைப்பு, பொறுப்பாளர் என ஐந்து பத்திகள் போடுங்கள்.

சர்ச் கன்சோலில் கடையைச் சேர்க்கும்போது டொமைன் முழுவதற்குமான வகையைத் தேர்ந்தெடுங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு டிஎன்எஸ் பதிவைச் சேர்த்தால் உரிமை உறுதியாகிவிடும்.

*குறிப்பு:* சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். கணக்கை இன்றே தொடங்கி, மாதம் ஒருமுறை அறிக்கையைத் தரவிறக்கி வைத்தால்தான் பின்னாளில் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

படி 1: இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

1. சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையைத் திறந்து கடந்த மூன்று மாதத்தின் கிளிக், தோற்றம், சராசரி இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கடையின் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்களைத் தனியாகப் பிரியுங்கள். அவர்கள் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள். பொருளின் பெயரைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதே இந்தத் தணிக்கைக்கு வேண்டிய எண்.

3. சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஆனால் தேதியைப் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது குறிப்பில் சென்னைக் கடைகள் எளிதில் சறுக்கும். நவராத்திரி 2023-இல் அக்டோபர் 15 அன்று தொடங்கியது. 2024-இல் அக்டோபர் 3, 2025-இல் செப்டம்பர் 22. அக்டோபருக்கு அக்டோபர் என்று ஒப்பிட்டால் 2025-இல் கொலு பொம்மைத் தேடல் சரிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பண்டிகைதான் முன்னால் நகர்ந்திருக்கிறது. தீபாவளியும் அப்படியே: 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆகவே பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்களைச் சென்ற ஆண்டுப் பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்களோடு வைத்துப் பாருங்கள். ஆடி மாதம் எப்போதும் ஜூலை நடுவில் பிறப்பதால் ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் நேரடித் தேதி ஒப்பீடு பொருந்தும்.

படி 2: வாசல் திறந்திருக்கிறதா?

பொருட்கள் அடுக்கி, விளக்குப் போட்டு, ஆள் நிறுத்திவிட்டு ஷட்டரை மட்டும் தூக்க மறந்த கடை ரங்கநாதன் தெருவில் இருக்க வாய்ப்பில்லை. இணையத்தில் அது நடக்கிறது. தளத்தை உருவாக்கும் காலத்தில் கூகுள் பார்க்கக் கூடாது என்று போட்ட தடையைக் கடை திறந்த பிறகும் எடுக்காமல் விட்டிருப்பார்கள்.

1. உங்கள் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ரோபாட்ஸ் கோப்பின் பெயரும் (robots.txt) சேர்த்து உலாவியில் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று சொல்லும் கோப்பு அது. தடைக் கட்டளையை அடுத்துத் தனிச் சாய்கோடு மட்டும் இருந்தால் கடை முழுவதும் மூடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

2. வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் கடை என்றால் அமைப்புகளில் ‘ரீடிங்’ பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஷாப்பிஃபை கடை என்றால் முகப்பில் போட்ட பாஸ்வேர்ட் பூட்டு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. முகப்பு, ஒரு வகைப் பக்கம், ஒரு பொருள் பக்கம் ஆகிய மூன்றின் முகவரியையும் சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில் இட்டு, நேரடிச் சோதனையை அழுத்துங்கள். கூகுள் பார்க்கும் படம் திரையில் வரும். பொருளின் பெயர், விலை, படம் அதில் இருக்க வேண்டும்.

*எச்சரிக்கை:* ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க நினைத்து, அதில் ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியும் போட்டு, ரோபாட்ஸ் கோப்பிலும் தடுப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நினைத்தது நடக்காது. தடுக்கப்பட்ட பக்கத்துக்குள் கூகுள் நுழையாது, நுழையாததால் நோஇண்டெக்ஸ் குறியைப் படிக்காது. வேறெங்கோ இருக்கும் லிங்க் வழியாக அந்த முகவரி தேடலில் தொடர்ந்து வரலாம். ஒரு பக்கத்துக்கு ஏதாவது ஒரு முறையை மட்டும் பயன்படுத்துங்கள்.

வண்டி, பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளர் கணக்கு, கடைக்குள் தேடிய முடிவுகள் ஆகியவை தேடலில் வர வேண்டியதில்லை. அவை அடைபட்டிருந்தால் கவலை வேண்டாம்.

படி 3: மூன்று எண்களை நேர்செய்யுங்கள்

இந்தப் படி கணக்குப்பிள்ளை வேலை. மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: கடையில் இப்போது விற்பனையில் உள்ள பொருட்கள், சைட்மேப்பில் (தளத்தின் முகவரிகளைத் தேடுபொறிக்குத் தரும் கோப்பில்) உள்ள பொருள் பக்கங்கள், அந்தச் சைட்மேப்புக்கான அறிக்கையில் இண்டெக்ஸ் ஆனதாக, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்ந்ததாகக் காட்டும் பொருள் பக்கங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பூஜைப் பொருள் கடையில் இவை 400, 390, 140 என்று இருக்கலாம். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாவதில் 250 பொருட்களைக் காணோம். அவை ஏன் விடுபட்டன என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை.

சர்ச் கன்சோலின் பக்க இண்டெக்ஸ் அறிக்கை காரணத்தைச் சொல்லும். அடிக்கடி வருபவை நான்கு:

1. *கண்டறியப்பட்டது, இண்டெக்ஸ் ஆகவில்லை.* முகவரி கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. உள்ளிருந்து போதிய லிங்க் இல்லாமல் இருக்கலாம், அல்லது தேவையற்ற முகவரிகள் கூகுளின் நேரத்தைத் தின்றிருக்கலாம்.

2. *பார்க்கப்பட்டது, இண்டெக்ஸ் ஆகவில்லை.* வந்து பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறது. ஒரு படமும் இரண்டு வரியும் மட்டும் உள்ள பக்கங்கள் பெரும்பாலும் இங்கே கிடக்கும்.

3. *நகல் பக்கம்.* ஒரே பொருள் இரண்டு மூன்று முகவரிகளில் இருக்கிறது.

4. *சாஃப்ட் 404.* பக்கம் திறக்கிறது, ஆனால் உள்ளே சரக்கு எதுவும் இல்லை என்று கூகுள் கருதுகிறது.

அறிக்கையில் வரும் ஒவ்வொரு வரியையும் சுழியமாக்க முயல வேண்டாம். வண்டிப் பக்கம் இண்டெக்ஸ் ஆகாதது கோளாறு அல்ல. விற்க வேண்டிய பொருளும் வகைப் பக்கமும் விடுபட்டிருந்தால் மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள்.

*குறிப்பு:* வகைப் பக்கத்தில் 24 பொருட்களைக் காட்டிவிட்டு ‘இன்னும் காட்டு’ என்று பொத்தான் வைத்திருக்கிறீர்களா? கூகுளின் நிரல் பொத்தானை அழுத்தாது. 25-ஆவது பொருளிலிருந்து அதற்குத் தெரியாமலே போகலாம். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் சொடுக்கக்கூடிய லிங்க்கும் இருக்க வேண்டும்.

ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை இருக்கலாம் என்பதால் சிறிய கடைக்கு ஒன்றே போதும். அதில் நீக்கிய பொருட்களும் திசைமாற்றிய முகவரிகளும் கிடந்தால் களையச் சொல்லுங்கள்.

படி 4: ஃபில்டர் பெற்றெடுக்கும் முகவரிகள்

தி.நகரின் பட்டுக் கடை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பட்டுச் சேலைப் பக்கத்தில் 8 நிறம், 6 விலை வரம்பு, 5 கரை வகை, 4 வரிசைமுறை என்று ஃபில்டர்கள் இருக்கின்றன. நான்கிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்தாலே 960 சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி முகவரி உருவானால், 300 சேலைகளுக்காக ஆயிரக்கணக்கான பக்கங்கள் பிறக்கும். அவற்றில் பலவற்றில் ஒரே சேலைதான் இருக்கும், சிலவற்றில் எதுவும் இருக்காது.

1. ஸ்க்ரீமிங் ஃப்ராக்கை ஓட்டி, கேள்விக்குறி உள்ள முகவரிகளை எண்ணுங்கள். பொருட்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு இருந்தால் கோளாறு இங்கேதான்.

2. மக்கள் உண்மையில் தேடும் சேர்க்கைகளைச் சர்ச் கன்சோலில் பார்த்துப் பிரியுங்கள். ‘சிவப்புக் காஞ்சிபுரம் பட்டு’, ‘ஒன்பது கஜ மடிசார்’ போன்றவை தேடப்படுகிறவை.

3. அவற்றுக்கு மட்டும் சொந்த முகவரி, தலைப்பு, சில வரி அறிமுகத்தோடு முறையான வகைப் பக்கம் அமையுங்கள்.

4. விலை வரம்பு, வரிசைமுறை போன்ற மற்றச் சேர்க்கைகளை ரோபாட்ஸ் கோப்பில் தடுங்கள்.

ஒரே சேலை ‘பட்டு’ வகையின் கீழ் ஒரு முகவரியிலும் ‘திருமணம்’ வகையின் கீழ் இன்னொரு முகவரியிலும் திறந்தால், இரண்டும் ஒரே மூலப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். அதற்குத்தான் கேனானிக்கல் குறி. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009-இல் இதை ஏற்றன. ஷாப்பிஃபை இதைத் தானாகவே போட்டுவிடும். வேறு மென்பொருள் என்றால் இரண்டு முகவரிகளிலும் மூலக்குறியீட்டைத் திறந்து பாருங்கள்.

*தவறு:* எல்லாப் பக்கங்களின் கேனானிக்கல் குறியும் முகப்பைச் சுட்டும்படி வைப்பது. தீம் மாற்றியதும் இதை ஒருமுறை சோதியுங்கள்.

படி 5: விற்றுத் தீர்ந்த பொருள், மாறிய முகவரி

கைத்தறிப் பட்டில் ஒவ்வொரு சேலையும் ஒன்றுதான் இருக்கும். விற்றால் தீர்ந்தது. அந்தச் சேலையின் பக்கத்தை அன்றே அழித்தால் தேடலில் வந்தவர் வெற்றுப் பக்கத்தைப் பார்ப்பார். அழிக்காமலே விட்டால் கடை முழுவதும் ‘விற்றுவிட்டது’ என்று நிறையும். இதற்கு நடைமுறை வழி இது:

1. மீண்டும் வரும் சரக்கு என்றால் பக்கத்தை அப்படியே வைத்து, கையிருப்பில் இல்லை என்று காட்டி, அதே வகையில் நான்கைந்து மாற்றுகளை வையுங்கள்.

2. திரும்ப வராத சரக்கு, ஆனால் நெருங்கிய மாற்று உண்டு என்றால் பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாக அதற்கு அனுப்பும் 301 திசைமாற்றம் கொடுங்கள்.

3. மாற்றே இல்லை என்றால் ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 அல்லது 410 வரட்டும். அது குற்றமல்ல.

4. அழித்த எல்லாப் பக்கங்களையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். கூகுள் அவற்றைச் சாஃப்ட் 404 என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒற்றைச் சரக்கு விற்கும் கடைக்குப் பொருள் பக்கம் நிலையற்றது, வகைப் பக்கம்தான் நிலைத்து நிற்கும். எழுத்து, படம், உள்லிங்க் என உழைப்பில் பெரும்பங்கை வகைப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

பருவப் பக்கங்களுக்கும் இதே கணக்கு. ஆண்டுதோறும் ஆடித் தள்ளுபடிக்குப் புதுப் பக்கம் போட்டு, முடிந்ததும் அழிப்பவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாகத் தொடங்குகிறார்கள். ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

மென்பொருள் மாற்றும்போதுதான் பெரிய இழப்பு நேர்கிறது. பழைய முகவரி, புதிய முகவரி என்ற இரு பத்திப் பட்டியல் தயாராகும் வரை புதிய தளத்தைத் திறக்க அனுமதிக்காதீர்கள். திசைமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள்.

படி 6: பொருள் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்

அதிகம் விற்கும் 20 பொருட்களின் பக்கங்களைத் திறந்து, கடைக்கு நேரில் வரும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டுச் சேலை என்றால் நீளம், ரவிக்கைத் துணி உண்டா, ஜரிகை வகை, எடை, உடலும் கரையும் தனித்தனி ஓடத்தால் நெய்து இணைத்த கோர்வையா என்பதெல்லாம் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. உங்கள் சேலைக்கு அந்தத் தகுதியும் சில்க் மார்க்கும் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் அந்தப் பெயரைத் தலைப்பில் ஒட்டாதீர்கள். கொலு பொம்மை என்றால் மண்ணா காகிதக்கூழா, உயரம் எத்தனை அங்குலம், செட்டில் எத்தனை உருப்படி, கொசப்பேட்டையில் செய்ததா, பண்ருட்டியா, மதுரை விளாச்சேரியா என்று சொல்லுங்கள். அடையாறிலிருந்து வடாமும் பருப்புப் பொடியும் அனுப்பும் கடை என்றால் சேர்மானம், எடை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் நான்கும் கண்ணில் பட வேண்டும்.

தலைப்பில் பொருளின் பெயர் முதலில் வரட்டும், கடைப்பெயர் கடைசியில். நூறு சேலைகளுக்கும் ‘அழகிய பட்டுச் சேலை’ என்ற ஒரே தலைப்பு இருந்தால் அது ஒரு கோளாறு, பட்டியலில் ஏற்றுங்கள். மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் நேரம் செலவிட வேண்டாம். இடவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

*எழுத்துக்கூட்டு:* ரோமன் எழுத்தில் காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சிவரம், காஞ்சீவரம் என்று பல விதமாகத் தேடுகிறார்கள். கொலுவுக்கு முதலெழுத்து ‘ஜி’ என்பாரும் ‘கே’ என்பாரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடாதீர்கள், அவை ஒன்றோடொன்று மோதும். அதிகம் தேடப்படும் வடிவத்தைத் தலைப்பில் வையுங்கள், மற்றொன்று வர்ணனைக்குள் இயல்பாக வரட்டும்.

படங்களின் கோப்புப் பெயர் கேமரா கொடுத்த எண்ணாகவே இருந்தால் மாற்றுங்கள். படத்துக்கான மாற்று உரையில் ‘மண்ணால் செய்த தசாவதார செட், பத்து பொம்மைகள்’ என்பதுபோல் கண்ணில் தெரிவதை எழுதினால் போதும்.

படி 7: கைபேசியும் வேகமும்

கூகுள் இப்போது தளங்களின் கைபேசி வடிவத்தைப் பார்த்தே இண்டெக்ஸ் செய்கிறது. கணினியில் இருந்து, கைபேசி வடிவத்தில் இல்லாத விவரம் கணக்கில் வராது.

1. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகப்பு, வகை, பொருள் என மூன்று வகைப் பக்கங்களையும் சோதியுங்கள்.

2. மூன்று அளவுகளைக் குறியுங்கள். பெரிய உள்ளடக்கம் திரையில் வர 2.5 நொடிக்குள், தொட்டால் பதில் வர 200 மில்லிநொடிக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள். வருகைகளில் முக்கால் பங்கிலாவது இவை நிறைவேற வேண்டும்.

3. கடையின் வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில், மொபைல் டேட்டாவில் ஒரு பொருளைத் தேடி வண்டியில் போட்டுப் பாருங்கள். ஞாயிறு மாலை உஸ்மான் சாலைக் கூட்டத்தில் நின்று செய்தால் இன்னும் நல்லது.

பெரும்பாலும் மெதுவாக்குபவை குறுக்காமல் ஏற்றிய படங்கள், முகப்பில் சுழலும் பேனர்கள், மேலே வந்து மறைக்கும் சலுகைப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த சாட் செயலிகள். முதல் திரையின் பெரிய படத்துக்குத் தாமத ஏற்றம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கீழே உள்ள படங்களுக்கு அது இருக்கலாம்.

*குறிப்பு:* பயனர்களிடமிருந்து வரும் அளவுகள் கடந்த 28 நாட்களின் தொகுப்பு. இன்று திருத்திவிட்டு நாளை பார்த்தால் பழைய எண்ணே தெரியும்.

படி 8: விலைக்குறியீடும் நம்பகமும்

பொருளின் பெயர், விலை, ரூபாய், கையிருப்பு ஆகியவற்றைத் தேடுபொறிக்குப் புரியும் வடிவில் தரும் குறியீடு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனையில் முகவரியை இட்டால் பிழைகள் தெரியும். குறியீட்டில் உள்ள விலையும் பக்கத்தில் தெரியும் விலையும் ஒன்றா என்று தள்ளுபடி நாட்களில் கட்டாயம் பாருங்கள்.

வாடிக்கையாளர் எழுதாத மதிப்புரைக்கு நட்சத்திரம் போடாதீர்கள். கூகுள் தண்டிக்கும். இந்தியத் தர நிறுவனமும் இணைய மதிப்புரைகளுக்கென 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது.

2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலர், திருப்பி அனுப்பும் முறை ஆகியவற்றைத் தெரியும்படி வெளியிடச் சொல்கின்றன. இவை சட்டக் கடமை. பணம் கட்டும் முன் வாடிக்கையாளர் தேடுவதும் இவற்றைத்தான். கூகுள் வணிக விவரத்தில் உள்ள பெயர், முகவரி, நேரத்தோடு இவை ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

படி 9: வெளியிலிருந்து வரும் லிங்க்குகள்

அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடையான ஜே.சி. பென்னி, 2010 விடுமுறைப் பருவத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முன்னால் நின்றது. தேடலில் முன்னேற்றுவதற்காகத் தொடர்பே இல்லாத ஏராளமான தளங்களில் அந்தக் கடைக்கு லிங்க்குகள் நடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், முதலிடத்தில் இருந்த சொற்களில் அந்தக் கடை பல பக்கங்கள் பின்னால் போய்விட்டது. அந்த லிங்க்குகள் தனக்குத் தெரியாமல் வந்தவை என்று நிறுவனம் கூறி, எஸ்இஓ நிறுவனத்தை விலக்கியது. ஆனால் இடம் பறிபோனது கடைக்குத்தான்.

சர்ச் கன்சோலில் லிங்க் அறிக்கையைத் திறந்து உங்களுக்குப் பழக்கமில்லாத தளங்களைப் பாருங்கள். விதிமீறலுக்காகக் கூகுள் எடுத்த தண்டனை இருந்தால் காட்டும் கைமுறை நடவடிக்கைப் பகுதி காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘முதலிடம் உறுதி’ என்று சொல்லும் நிறுவனத்திடம் பணம் கட்டாதீர்கள். அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

கண்டதை வரிசைப்படுத்துதல்

இப்போது தாளில் முப்பது நாற்பது வரிகள் சேர்ந்திருக்கும். இந்த வரிசையில் பிரியுங்கள்:

1. *உடனே:* நுழைவுத் தடை, தவறான நோஇண்டெக்ஸ், வேலை செய்யாத பணம் செலுத்தும் பக்கம், கைமுறை நடவடிக்கை.
2. *இந்த மாதம்:* ஃபில்டர் முகவரிகள், கேனானிக்கல், விடுபட்ட திசைமாற்றங்கள், ‘இன்னும் காட்டு’ பொத்தான்.
3. *தொடர்ந்து:* வகைப் பக்க எழுத்து, பொருள் விவரம், படங்கள். வாரம் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வகைத் திருத்தம் மட்டும் செய்து, தேதியைத் தாளில் எழுதுங்கள்.

புயல், வெள்ளம் வந்தால்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலிருந்து எதையும் அனுப்ப முடியாத நாட்கள் இருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் தளத்தை இறக்கிவிடாதீர்கள். வண்டியில் சேர்ப்பதை மட்டும் நிறுத்தி, எப்போது அனுப்புவீர்கள் என்று மேலே ஓர் அறிவிப்பு வையுங்கள். தளத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ‘தற்காலிகமாக இயங்கவில்லை’ என்று சொல்லும் 503 என்ற பதிலைத் தரச் செய்யுங்கள், அதுவும் ஓரிரு நாளுக்கு மட்டும். நீண்டால் பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்து விழத் தொடங்கும்.

அடுத்த தணிக்கை எப்போது?

மாதம் ஒருமுறை படி 3-இன் மூன்று எண்களை மட்டும் எழுதிவாருங்கள். தீம், மென்பொருள், ஹோஸ்டிங் மாறிய அன்றே படி 2-ஐயும் கேனானிக்கல் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். முழுத் தணிக்கை ஆண்டுக்கு இருமுறை போதும்: பொங்கல் விற்பனை முடிந்த பிப்ரவரியில் ஒன்று, ஆடிக்கு முன்பு ஜூன் தொடக்கத்தில் ஒன்று. திருத்தங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பது கூகுள் தரும் கணக்கு. நவராத்திரி செப்டம்பர் இறுதியில் வரும் ஆண்டில் கொலுப் பொம்மைப் பக்கங்களின் திருத்தங்கள் மே மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிப்ரவரித் தணிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது.